ஆறாம் பத்தியில் விடுபட்ட சொல்

அந்த நீதிமன்றத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை எப்படி வந்தது என்று கேட்டால், இன்று கருப்புக் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் படியேறும் பெண் வக்கீல்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டடத்தோடு கூடவே முளைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் வக்கீலம்மா அந்தப் படியை முதன்முதலாக ஏறியபோது அங்கே இருந்ததெல்லாம் ஆண்களுக்குத்தான். ஒரு பெண் வந்து வாதாடுவாள் என்றே நினைக்காதவர்கள், அவளுக்கு அவசரம் வரும் என்றா நினைக்கப்போகிறார்கள்?

அவள் தம்பி நினைத்தான். அவனுக்கு அப்போது இருபது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மதிய இடைவேளைக்கு மணி அடிக்கும்போது சைக்கிளோடு வாசலில் நிற்பான். அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, மூச்சு முட்ட மிதித்து வீட்டுக்கு அழைத்துப்போய், மறுமணி அடிப்பதற்குள் கொண்டுவந்து விடுவான். மூன்று வருடம், ஒரு நாள் தவறாமல். கூடப் படித்தவர்கள், "என்னடா, வக்கீலுக்கு வண்டி ஓட்டுறியாமே?" என்று கிண்டல் செய்வார்கள். "ஆமாடா, கேஸ் இருந்தா சொல்லு, பின் சீட்டுல உனக்கும் இடம் தர்றேன்" என்பான். கடைசியில் அவள் போட்ட பதினோராவது மனுவுக்கு, கட்டடத்தின் பின்புறம் தகரக் கதவு வைத்த ஓர் அறை கிடைத்தது. அன்று அவளைவிட அவன்தான் அதிகம் சந்தோஷப்பட்டான்.

அந்தத் தம்பியோடு அவள் பேசி ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

சண்டை என்றால் ஒரு சத்தமாவது இருக்கும். இதில் சத்தமே இல்லை. அப்பா காலமாகி மூன்றாம் மாதம், தம்பி ஒரு பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்கு வந்தான். விடுதலைப் பத்திரம். அப்பா வீட்டில் எனக்குள்ள பங்கை உடன்பிறந்தவனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று பெண்கள் எழுதிக்கொடுப்பது. காலங்காலமாகப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் கையெழுத்து அது. தம்பி பேராசைக்காரன் இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருந்தான், ஊரில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது அவன் மாட்டிய கண்ணாடிதான், நன்றாகவே நடந்தது. எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்று யாரோ எழுதிக் கொடுத்தார்கள், கொண்டுவந்தான். "படிச்சுப் பாத்துட்டு மெதுவா போட்டுக் கொடு அக்கா" என்று வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனான்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை, மாதர் சங்கம்.

சங்கத்தை ஆரம்பித்தவள் அவள்தான், அன்றும் இன்றும் தலைவியும் அவள்தான். ஒரு தையல் பள்ளியின் மாடியில் சனிக்கிழமை மதியம் நாற்பது ஐம்பது பெண்கள் கூடுவார்கள். அவர்களுக்கு அவள் சொல்லும் பாடம் ஒன்றுதான்: படிக்காமல் கையெழுத்துப் போடாதே, படித்தால் போடவே மாட்டாய். அன்று தையல்காரி ஒருத்தி எழுந்தாள். புருஷன் செத்துப்போன பிறகு பிறந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள்.

"எங்கண்ணன் ரெண்டு பேரும் பத்திரத்தோட நிக்கிறாங்கம்மா. போடலைன்னா உறவே இல்லைங்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"போடாதே."

"உங்க வீட்ல இப்படிக் கேட்டா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

தையல்காரிக்கு ஒன்றும் தெரியாது. வெறுமனே கேட்டாள். ஆனால் தம்பி கொடுத்த பத்திரம் அப்போது வக்கீலம்மாவின் கைப்பைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று இந்த ஐம்பது பேரில் ஒருத்தி சொல்லிவிட்டால் போதும், முப்பது வருடப் பேச்சும் தண்ணீரில் எழுதியதாகிவிடும்.

"நானும் போட மாட்டேன்" என்றாள். "கேஸ் போடுவேன்."

வக்கீலம்மா சொன்னால் சொன்னதுதான். போட்டாள்.

நோட்டீஸ் கிடைத்த அன்று தம்பி வந்தான். உட்காரவில்லை. "உனக்கு வீடு வேணும்னா முழுசா எடுத்துக்கோ அக்கா. கோர்ட்டுக்கு மட்டும் இழுக்காதே."

"எனக்கு வீடு வேண்டாம்டா. உரிமை வேணும்."

"உன் உரிமைக்கு ஊர்ல நான்தான் கிடைச்சேனா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, சட்டப் பிரிவோடு இருந்தது. அதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் படியிறங்கிப் போனான். மறுவாரம் வேறொரு வக்கீலை வைத்துக்கொண்டான். அன்றோடு பேச்சு நின்றது.

அவளுடைய தொழிலில் ஒரு விதி உண்டு. எதிர்க்கட்சிக்காரர் வக்கீல் வைத்துவிட்டால், அந்த வக்கீல் மூலமாகத்தான் பேச வேண்டும், ஆளிடம் நேரே பேசக் கூடாது. விதி மற்றவர்களுக்காக வைத்தது, கூடப் பிறந்தவனுக்காக வைத்ததில்லை. ஆனால் தன் வழக்கைத் தானே நடத்தும் வக்கீல் எந்த நேரத்தில் வக்கீல், எந்த நேரத்தில் அக்கா என்று யார் கோடு போட்டுக் காட்டுவது? அவள் எப்போதும் வக்கீலாகவே இருந்துவிட்டாள். அது சுலபமாக இருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சதை ஆடத்தான் செய்தது. கவுன் மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

வழக்கில் ஜெயித்தாள். ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பு வந்தது. சங்கத்தில் கை வலிக்கத் தட்டினார்கள். தையல்காரிக்கும் பங்கு கிடைத்தது, அதில் சின்னதாக ஒரு கடை போட்டுவிட்டாள். வக்கீலம்மா அன்று மாடிக்கு ஏறிப்போய்த் தனக்கு ஒரு தோசை வார்த்துச் சாப்பிட்டாள். கீழே அலுவலகம், மேலே வீடு. ஆறு மணிக்குக் குமாஸ்தா பூட்டிவிட்டுப் போனால், அப்புறம் அந்தக் கட்டடத்தில் பேச்சுக் குரல் என்றால் தொலைபேசியில் வருவதுதான். அதிலும் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். கல்யாணம் என்று வந்தவர்கள் எல்லாம், கவுனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வா என்றவர்கள். அதனால் அதுவும் இல்லை. ஊரில் எந்த வீட்டில் என்ன தகராறு என்றாலும் வக்கீலம்மாவைக் கூப்பிடு என்பார்கள், அவள் போய் நின்றால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு யானை பலம். ஆனால் சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஒரு நாதி கிடையாது. கண்ணாடி உடைந்தால்கூடப் பேருந்து ஏறி அடுத்த ஊருக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

தீர்ப்பு வந்தால் போதுமா, வீட்டைப் பிரிக்க வேண்டாமா? அதற்கு நீதிமன்றம் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பும். கமிஷனர் சர்வேயரோடு போய், அறை அறையாக அளந்து, இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்வதை எழுதிக்கொண்டு அறிக்கை தர வேண்டும். இந்த வழக்குக்கு வந்தவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் வக்கீல்.

"மேடம், நான் லா காலேஜ் சேர்ந்ததே உங்க பேச்சைக் கேட்டுத்தான்" என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"சரிம்மா, வேலையைப் பார்ப்போம்" என்றாள் வக்கீலம்மா. அவள் பார்வை அதற்குள் வீட்டுக்குள் போயிருந்தது.

ஒன்பது வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறாள். கூடவே குமாஸ்தா, வழக்குக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு. முப்பது வருடமாக அவளோடு இருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். தம்பி கூடத்துச் சுவரோரம் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா பார்த்த தலைதான், ஆனால் வீட்டு வெளிச்சத்தில் வேறு மாதிரி இருந்தது. தம்பி மனைவி ஒரு தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், யாருக்கென்று சொல்லவில்லை. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வக்கீலம்மாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. எடுக்கலாமா கூடாதா என்று யோசித்து முடிப்பதற்குள் தட்டு போய்விட்டது.

கூடம் அளந்தார்கள், சமையலறை அளந்தார்கள். நாடாவின் ஒரு முனையைச் சர்வேயர் பிடிக்க, இன்னொரு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் தம்பியே பிடித்தான். தன் வீட்டைத் துண்டு போடத் தானே நாடா பிடிக்கிற கொடுமையை வக்கீலம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் மேற்குப் பக்கத்து அறை. அவள் படித்த அறை. ஒன்பது வருடத்தில் அதைக் கடைச் சாமான் போடும் இடமாக ஆக்கியிருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அறை காலியாக இருந்தது, பெருக்கித் துடைத்திருந்தது. சுவரின் கனத்தை அளக்கச் சர்வேயர் சுவர் அலமாரியைத் திறந்தார். கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பழுத்த மஞ்சளாகியிருந்தாலும் எழுத்து தெரிந்தது. அவள் கடைசி வருடச் சட்டத் தேர்வுக்குத் தன் கையால் எழுதி ஒட்டிய கால அட்டவணை.

எல்லோரும் பார்த்தார்கள். சர்வேயர் நாடாவை நீட்டினார். தம்பி அதை வாங்கவில்லை.

"இது உன் ரூம்தானே அக்கா" என்றான். "இதைப் போயி அளக்கணுமா? நீயே வெச்சுக்கோ."

மெதுவாகத்தான் சொன்னான். வாதாடும் குரல் இல்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

ஒன்பது வருடமாக எந்தச் சொல்லுக்காக அவள் தவம் கிடந்தாளோ அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஒரு "உம்" போட்டிருந்தால் போதும். அழுதிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நாக்கு என்ற ஒன்றை நாற்பது வருடம் ஒரே வேலைக்குப் பழக்கினால் அது வேறு எதையும் செய்யாது. எதிராளி வாயிலிருந்து சாதகமாக ஒரு வார்த்தை விழுந்தால், அவன் மாற்றிச் சொல்வதற்குள் அதைப் பதிவு செய்துவிட வேண்டும். இது வக்கீல் தொழிலின் அரிச்சுவடி. நெஞ்சு விழித்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"கமிஷனர் மேடம், பதிவு பண்ணிக்குங்க. மேற்கு அறையை வாதிக்கு விட்டுத் தர்றதுல பிரதிவாதிக்கு ஆட்சேபணை இல்ல."

கமிஷனர் பெண்ணின் பேனா ஓடியது.

தம்பி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வழி தெரியாமல் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு கமிஷனர் பக்கம் திரும்பினான்.

"எழுதிக்குங்க. நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டான். போட்டுவிட்டு நாடாவின் முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டான். அறையை அளந்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் குமாஸ்தா பொறுக்க முடியாமல் கேட்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன பண்ணேன்?" என்றாள். என்ன பண்ணினாள் என்று அவளுக்குத் தெரியாதா?

அறிக்கையின் நகல் மூன்று வாரத்தில் வந்தது. சுத்தமான அறிக்கை, நீளம் அகலம் எல்லாம் சரி. ஆறாம் பத்தியில் இருந்தது: "மேற்கு அறை தன்னுடையது அல்ல, வாதியுடையதே என்றும், அதை வாதியே வைத்துக்கொள்ளலாம் என்றும் பிரதிவாதி கூறினார்." அவ்வளவுதான். அவள் அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை. அக்கா என்ற சொல் இல்லை. கமிஷனர் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"அக்கான்னு சொன்னாரே, அதை ஏம்மா விட்டுட்டே?"

"மேடம், உறவுமுறை, உணர்ச்சி எதுவும் ரிப்போர்ட்ல வரக் கூடாது, ஃபேக்ட் மட்டும்தான் வரணும்னு நீங்கதானே மேடம் பயிற்சி வகுப்புல சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள். கை தட்டல்கூட வாங்கியிருந்தாள்.

"தம்பி கடைக்குப் போயிட்டு வந்துடுங்கம்மா" என்றார் குமாஸ்தா. "அஞ்சு நிமிஷம். டேய், தப்பா பேசிட்டேன்டான்னு ஒரு வார்த்தை. இதுக்குப் போயி மூளையைக் கசக்கிக்கிட்டு."

ஒரு நாள் போகவும் செய்தாள். கண்ணாடிக் கடைக்கு எதிர்ச் சாரியில், செருப்புக் கடை நிழலில் நின்றாள். தம்பி யாரோ ஒரு பெரியவர் முகத்தில் கண்ணாடியை மாட்டி, காதோரம் சரிசெய்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். தெருவைக் கடக்கப் பத்து எட்டு வைத்தால் போதும். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எத்தனையோ நீதிபதிகள் முன்னால் குறிப்பே இல்லாமல் பேசியவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் அமையவில்லை. செருப்புக் கடைக்காரர், "என்ன சைஸ்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டாள்.

வந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தம்பியோடு பேசினாள். ஆட்சேபணை மனு ஒன்று எழுதினாள். கமிஷனர் அறிக்கையின் ஆறாம் பத்தியில் பிரதிவாதியின் கூற்று முழுமையாகப் பதிவாகவில்லை. "அக்கா" என்ற சொல் விடுபட்டுள்ளது. அதைச் சேர்க்க உத்தரவிட வேண்டும். மூன்று பக்கம். தட்டச்சு செய்தவர் இரண்டு முறை அவளை நிமிர்ந்து பார்த்தார். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.

மனு விசாரணைக்கு வந்த அன்று நீதிமன்றம் நிரம்பியிருந்தது. இளம் வக்கீல்கள் பின் வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பி பெஞ்சு ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

நீதிபதி மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தா யார் பங்காவது ஒரு அங்குலம் மாறுமா?"

"மாறாது."

"அப்புறம் எதுக்கு?"

"சொன்னது சொன்னபடி இருக்கணும்" என்றாள். குரல் கொஞ்சம் பிசிறியது. பின் வரிசைச் சிரிப்பு நின்றது.

நீதிபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பிரதிவாதி இங்கதான் இருக்கார். அவரையே கேட்டுட்டாப் போச்சு."

தம்பி கூண்டில் ஏறினான். உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தான். நீதிபதியே கேட்டார்.

"அன்னைக்கு மேற்கு ரூம்ல வெச்சு இவங்களை நீங்க அக்கான்னு கூப்பிட்டீங்களா?"

தம்பி கூண்டின் மரச்சட்டத்தைப் பார்த்தான். "இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. அப்படி நான் கூப்பிடல."

குமாஸ்தா பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டார். "பொய்ம்மா! நான் என் காதால கேட்டேன். என்னைச் சாட்சியா ஏத்துங்க. அந்தக் கமிஷனர் பொண்ணைக் கூப்பிடுங்க" என்று அவள் காதில் படபடத்தார்.

"குறுக்கு விசாரணை உண்டா மேடம்?" என்றார் நீதிபதி.

வக்கீலம்மா எழுந்தாள். நாற்பது வருடத்தில் அவள் குறுக்கு விசாரணைக்குத் தப்பி, தான் சொன்ன பொய்யோடு கூண்டிலிருந்து இறங்கிப்போன சாட்சி அபூர்வம். இதற்கு நாலு கேள்விகூட வேண்டாம். அந்த அறையை ஏன் காலியாக வைத்திருந்தீர்கள்? அலமாரியில் ஒட்டியிருந்த காகிதத்தை ஏன் கிழிக்கவில்லை? மூன்றாவது கேள்விக்கு அவன் உடைந்துவிடுவான். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. கூண்டுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அக்கா கேட்கப்போகும் கேள்விக்காக அவன் காத்துக்கொண்டு நின்றான். அறுபத்தொரு வயது. விரல்களின் நரம்பு புடைத்திருந்தது. இவனை நான் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தாள்.

"கேள்வி எதுவும் இல்ல" என்றாள்.

நீதிபதிக்கே ஆச்சரியம். "சாட்சி வேற?"

"இல்ல. பிரதிவாதி சொன்னதை ஏத்துக்கறேன்."

மனு தள்ளுபடியானது. தம்பி இறங்கினான். இறங்கும்போது ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தன் வக்கீலின் பின்னாலேயே வெளியே போய்விட்டான். பெஞ்ச் கிளார்க் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்.

வெளித் தாழ்வாரத்தில் குமாஸ்தாவுக்கு மனம் ஆறவே இல்லை. "ரெண்டு கேள்வி கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரேம்மா. கையில வந்ததை விட்டுட்டீங்களே."

"ஒத்துக்கிட்டிருப்பான்" என்றாள் வக்கீலம்மா. கவுனைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள், மடிப்பு சரியாக வரவில்லை. "கோர்ட்டுக்காக ஒத்துக்கிட்டிருப்பான். எனக்காகச் சொன்னது அன்னைக்கு ஒரு தடவைதான். அதை நான்தானே எழுதிக்கச் சொன்னேன்."